பூட்டிய கதவும் ஊகோ சாஞ்செஸும்: விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டுப் பக்கம் பார்க்கும் ஆசிரியர்களுக்கும், கால்பந்து வர்ணனை செய்வோருக்கும்,

2026 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் மெக்சிகோ சிட்டியின் அஸ்தேகா மைதானத்துக்கு என்று முடிவானதிலிருந்து மெக்சிகோ வீரர்களைப் பற்றிய பெட்டிச் செய்திகள் உங்கள் பக்கங்களில் வரத் தொடங்கிவிட்டன. 1980களில் ரியல் மாட்ரிட்டுக்காகக் கோல் குவித்த மெக்சிகோ ஸ்ட்ரைக்கர் ஊகோ சாஞ்செஸைப் பற்றி (நீங்கள் ஹ்யூகோ சான்செஸ் என்று எழுதுபவர்) வந்த ஒன்றைப் பார்த்த பிறகுதான் இந்த மடல். "ஹ்யூகோ சான்செஸ்: 3 உலகக் கோப்பைகள், 1 கோல்" என்று ஒற்றை வரி. பக்கத்தில் அவர் அந்தரத்தில் தலைகீழாக இருக்கும் படம். அதே பக்கத்தின் அடியில் 'எக்காலத்திலும் சிறந்த 10 ஸ்ட்ரைக்கர்கள்' என்று ஓர் அட்டவணை. தங்கப் பந்து (ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது) எத்தனை, உலகக் கோப்பை கோல் எத்தனை என்று இரண்டு கட்டம். அதில் இவர் பெயரைக் காணோம்.

அந்தப் பெட்டியில் அச்சிட்ட எண்களில் பொய்யில்லை. 3 சரி, 1 சரி, அட்டவணையில் சேர்த்திருந்தால் அவருக்கு விழும் தங்கப் பந்து பூஜ்யமும் சரி. எங்கள் குறை அதுவல்ல. வெளியிலிருந்து பூட்டிய வீட்டுக்குள் ஏன் வரவில்லை என்று ஒரு மனிதனைக் கேட்கிற கணக்கு இது. பூட்டியது யார், எந்த ஆண்டு, எந்த விதியால் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் அச்சிடுவதில்லை.

தங்கப் பந்திலிருந்து தொடங்குவோம். பிரான்ஸ் ஃபுட்பால் இதழ் 1956 முதல் கொடுத்துவரும் பாலோன் தோர் விருது, 1994 வரை ஐரோப்பிய நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான். அர்ஜென்டினாவில் பிறந்த தி ஸ்தேஃபானோ 1957லும் 1959லும் வென்றது ஸ்பெயின் குடிமகனாக. அங்கேயே பிறந்த சிவோரி 1961இல் வென்றது இத்தாலியராக. மெக்சிகோ பாஸ்போர்ட்டோடு மாட்ரிட்டில் ஆடிய ஒருவருக்கு ஓட்டுப் போட வழியே கிடையாது. அவர் 38 கோல் அடித்தாலும் 380 அடித்தாலும் அதே பூஜ்யம்தான். 1995இல் விதி மாறியதும் முதல் வேலையாக லைபீரியாவின் ஜார்ஜ் வேயா வென்றார். அப்போது சாஞ்செஸுக்கு 37 வயது. பெலேவையும் மரடோனாவையும் பற்றி எழுதும்போது இந்த விதியை நீங்கள் மறப்பதில்லை. சாஞ்செஸ் என்றால் மட்டும் அது எப்படியோ விடுபட்டுப் போகிறது.

அடுத்தது உலகக் கோப்பை. "3 உலகக் கோப்பைகள்" என்று படித்தால் 12 ஆண்டு வாய்ப்பு இருந்தது போலத் தோன்றும். உண்மையில் அவர் ஆடியது மொத்தம் 8 ஆட்டம். 1978இல் அர்ஜென்டினா போனபோது வயது 19. மெக்சிகோ மூன்று ஆட்டத்திலும் தோற்றது, மேற்கு ஜெர்மனியிடம் 0–6. 1982 உலகக் கோப்பை ஸ்பெயினில், அதாவது அவர் வேலை பார்க்கும் நாட்டிலேயே நடந்தது. தகுதிச் சுற்றில் ஹோண்டுராஸும் எல் சால்வடாரும் முந்திவிட்டதால் மெக்சிகோ அங்கே இல்லை. 1986 சொந்த மண்ணில். பெல்ஜியத்துக்கு எதிராக அந்த ஒரு கோல். பராகுவேக்கு எதிரான 1–1 ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை வீணடித்தார். அது அவர் கணக்கில்தான் சேரும், நாங்கள் மறைக்கவில்லை.

ஆனால் 1990? அந்த சீசனில்தான் ஸ்பானிய லீகில் 38 கோல். ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி. இத்தாலியில் உலகக் கோப்பை தொடங்கும்போது அவருக்கு 31 வயது, உச்சத்தில் இருந்தார். மெக்சிகோவுக்குத் தடை.

இந்தத் தடைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1988இல் குவாதமாலாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் தகுதிப் போட்டிக்கு மெக்சிகோ கூட்டமைப்பு வயது தாண்டிய நான்கு பேரின் பிறந்த தேதியை மாற்றி அனுப்பியது. அந்த ஊரில் இப்படிப்பட்ட ஆட்களுக்கு 'காச்சிருலெஸ்' என்று பெயர்; விவகாரத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு மெக்சிகோ பத்திரிகையாளர்தான் இதை வெளியே கொண்டுவந்தார். (வயதைக் குறைத்துக் காட்டும் வித்தை நம்மூர்ப் போட்டிகளுக்கும் புதிதில்லை என்பதால் உங்கள் வாசகருக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம்.) இளையோர் அணியோடு தண்டனை நின்றிருந்தால் கதை வேறு. ஃபிஃபா இரண்டு ஆண்டுகளுக்கு எல்லா நிலை அணிகளையும் விலக்கியது. சியோல் ஒலிம்பிக் இடம் குவாதமாலாவுக்குப் போனது. 1990 தகுதிச் சுற்றில் மெக்சிகோவோடு மோத வேண்டிய கோஸ்தா ரிகா ஆடாமலே அடுத்த சுற்றுக்கு ஏறியது. கடைசியில் அதுவும் அமெரிக்காவும் இத்தாலி போயின. அமெரிக்காவுக்கு 1950க்குப் பிறகு அதுதான் முதல் உலகக் கோப்பை.

கூட்டமைப்பு அலுவலகத்தில் யாரோ திருத்திய நான்கு தேதிகள், கடலுக்கு அப்பால் மாட்ரிட்டில் கோல் அடித்துக்கொண்டிருந்தவரின் உலகக் கோப்பையைத் தின்றன. உங்கள் பெட்டியில் இதற்கு ஒரு வரி இடமில்லையா?

இந்த இரண்டு பூட்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. 1990 தங்கக் காலணியை சாஞ்செஸ் தனியாக வாங்கவில்லை. பல்கேரியாவில் சிஎஸ்கேஏ சோஃபியாவுக்காக அதே 38 கோல் அடித்த ஹ்ரிஸ்டோ ஸ்டாய்ச்கோவோடு பகிர்ந்துகொண்டார். நான்கு ஆண்டு கழித்து, சாஞ்செஸின் மூன்றாவது உலகக் கோப்பை: 1994 ஜூலை 5, நியூயார்க்கை ஒட்டிய ஜயன்ட்ஸ் ஸ்டேடியம், இரண்டாம் சுற்று, மெக்சிகோ – பல்கேரியா. ஸ்டாய்ச்கோவ் தொடக்கத்திலேயே கோல் அடித்தார். மெக்சிகோ பெனால்டியில் சமன் செய்தது. நடுவில் கோல் வலைக் கம்பம் உடைந்து வேறு மாற்றினார்கள். கூடுதல் நேரம் முடிந்தும் 1–1. சாஞ்செஸ் மாற்று வீரர் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் மெஹியா பாரோன் அவரைக் கடைசி வரை இறக்கவில்லை. பெனால்டி ஷூட்டவுட்டில் 3–1 என்று பல்கேரியா தாண்டியது. அந்த ஆண்டின் தங்கப் பந்து ஸ்டாய்ச்கோவுக்கு. தகுதியானவர்தான், சந்தேகமில்லை. 'ஐரோப்பியருக்கு மட்டும்' விதியின் கடைசி ஆண்டும் அதுதான். ஒரே காலணியைப் பாதி பாதியாக வாங்கிய இருவரில் ஒருவருக்குத்தான் மற்ற கதவு திறந்திருந்தது. உங்கள் அட்டவணையின் கணக்கு இருவரையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒருவருக்கு 1, மற்றவருக்கு 0 என்று பார்க்கிறது.

பிரான்ஸ் ஃபுட்பாலே விருதின் 60ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய முடிவுகளை மறுபடி பார்த்தது. விதி அப்போதே திறந்திருந்தால் 39 விருதுகளில் 12 தென் அமெரிக்கர்களுக்குப் போயிருக்கும் என்றது: பெலேவுக்கு 7, மரடோனாவுக்கு 2, கரிஞ்சா, கெம்பெஸ், ரொமாரியோவுக்கு ஒவ்வொன்று. 1990ஐ மரடோனாவுக்குக் கொடுத்தது. அந்த மறுமதிப்பீட்டிலும் உலகக் கோப்பை ஆண்டுகளின் எடைதான் அதிகம். அந்த உலகக் கோப்பைக்கு உள்ளே விடப்படாதவர் எங்கே நிற்பார்?

இனி கோல் கணக்கு. இங்கே நீங்கள் செய்யும் தவறுகள் சின்னவை, ஆனால் திரும்பத் திரும்ப வருகின்றன. ஸ்பானிய முதல் பிரிவு லீகில் அவர் 347 ஆட்டங்களில் 234 கோல். அத்லெதிகோ மாட்ரிட்டில் 1981 முதல் 1985 வரை 111 ஆட்டம், 54 கோல். ரியல் மாட்ரிட்டில் 1985 முதல் 1992 வரை 207 ஆட்டம், 164 கோல். 1993–94இல் ராயோ வயேகானோவில் 29 ஆட்டம், 16 கோல். அப்போது வயது 35. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். ரியல் மாட்ரிட் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்துச் சொல்லும் எண் 208. இந்த 208ஐ எடுத்து லீக் கட்டத்தில் போட்டுவிட்டு, அத்லெதிகோவின் 54ஐ அதோடு கூட்டி 262 என்று ஒரு பக்கம் அச்சிட்டது. இரண்டு வேறு கணக்கை ஒட்டினால் அப்படித்தான் ஆகும்.

'பிச்சிச்சி' விஷயத்திலும் இதே குழப்பம். ஸ்பானிய லீகின் அதிக கோல் விருதுக்கு அந்தப் பெயர். பில்பாவோவின் பழைய ஸ்ட்ரைக்கர் ஒருவரின் செல்லப்பெயர் அது. மார்கா நாளிதழ் கொடுக்கிறது. (பிச்சிப் பூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒரு தலைப்பில் அந்தச் சிலேடையைப் பார்த்தோம், சிரித்தோம், விட்டுவிட்டோம்.) சாஞ்செஸ் ஐந்து முறை வென்றார்: 1984–85இல் அத்லெதிகோவுக்காக 19, பிறகு ரியலுக்காக 22, 34, 29, 1989–90இல் 38. "தொடர்ந்து ஐந்து முறை" என்று எழுதாதீர்கள். 1988–89இல் அவர் 27. அத்லெதிகோவின் பல்தசார் 35 அடித்து எடுத்துக்கொண்டார். தொடர்ந்து ஐந்து என்பது ரியல் மாட்ரிட்டின் லீக் பட்டங்கள், 1986 முதல் 1990 வரை. இரண்டும் ஐந்து என்பதால் கலந்துவிடுகிறது.

34க்கும் 38க்கும் நடுவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1986–87 சீசனில் மட்டும் லீகை இரண்டு கட்டமாக நடத்தினார்கள்: 34 சுற்று, அதன்மேல் 10 சுற்று, ஆக 44. அடுத்த சீசனிலிருந்து 38. அதனால் அந்த 34ஐவிட இந்த 38 எண்ணளவில் நாலு கோல்தான் கூடுதல், வேலையளவில் இன்னும் அதிகம். இதே தராசில், ஒரு சீசனில் 38 என்ற சாதனையை முதலில் வைத்த பில்பாவோ ஸ்ட்ரைக்கர் தெல்மோ சாராவையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 1950–51இல் அவர் 38 அடித்தபோது சீசனுக்கு 30 சுற்றுதான். சாஞ்செஸ் அந்தச் சாதனையைச் சமன் செய்தார், உடைக்கவில்லை. உடைத்தது 2010–11இல் கிறிஸ்டியானோ ரொனால்டோ. அதிலும் லீகின் கணக்கு 40, மார்காவின் கணக்கு 41, ஏனென்றால் சக வீரர் பேப்பே முதுகில் பட்டுத் திரும்பிய ஒரு ஃப்ரீகிக்கை இரு தரப்பும் வேறு வேறு ஆளுக்கு எழுதின. எந்தக் கணக்கை எடுத்தீர்கள் என்று போடாமல் எண்ணை மட்டும் போட்டால் வாசகர் சண்டை போடத்தான் செய்வார்.

அந்த 38இல் உள்ள உண்மையான அதிசயத்தை நீங்கள் எழுதுவதே இல்லை. 38 கோலும் ஒரே தொடுகை, அதாவது பந்தை நிறுத்தாமல் முதல் தொடுதலிலேயே அடித்தவை. பெனால்டியும் ஃப்ரீகிக்கும் இந்தக் கணக்கில் உண்டு, அவை இயல்பாகவே ஒரே தொடுகைதான். அதைச் சொல்லிவிடுவது நியாயம். ஓடும் ஆட்டத்தில் அடித்தவற்றையும் அவர் நிறுத்தி, திருப்பி, சரிசெய்து அடிக்கவில்லை என்பதுதான் விஷயம்.

இதில் என்ன லாபம்? ஓரத்திலிருந்து கோல் முன்னே அனுப்பும் பந்து, அதாவது கிராஸ், வரும்போது கோல்கீப்பர் நிற்பதில்லை, பந்தோடு கூடவே பக்கவாட்டில் நகர்கிறார். இரண்டு காலையும் ஊன்றினால்தான் அவரால் பாய முடியும். பந்தை ஒரு தடவை நிறுத்தினால் அவருக்கு அந்த ஊன்றும் நேரம் கிடைத்துவிடும். நிறுத்தாமல் அடித்தால், 8 மீட்டரிலிருந்து மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் பந்து 0.4 நொடியில் கோட்டைத் தாண்டும். அவருடைய ஒரு கால் இன்னும் காற்றில் இருக்கும். வலையின் அகலம் 7.32 மீட்டர். மூலைக்கு அடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, அவர் நகர்ந்துவரும் திசைக்கு எதிராகத் தட்டிவிட்டால் போதும்.

செய்வது எளிதல்ல. இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றால் டிஃபெண்டர் வந்து ஒட்டிக்கொள்வார், ஆகவே பந்தும் ஆளும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். சாஞ்செஸ் முதலில் அருகு கம்பத்தை நோக்கி இரண்டடி பாய்வார். டிஃபெண்டர் உடன் வந்ததும் நின்று அவர் முதுகுப் பக்கமாக விலகிவிடுவார். கோல் எங்கே, கீப்பர் எங்கே என்பதைப் பந்து கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். படும் கணத்தில் கண் பந்தின்மேல்தான். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், கணுக்கால் இறுக்கமாக, கால் வீச்சு சின்னதாக. கிராஸிலேயே வேகம் இருக்கிறது, நாம் திசையைத்தான் மாற்றுகிறோம். உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து மேல் கம்பத்துக்கு மேலே போகும். அவர் இடது கால்காரர். வலப்பக்கமிருந்து சக வீரர் மிச்செல் அனுப்பும் கிராஸ் உடலைக் கடந்து இடது காலுக்கு வரும்போது இடுப்பைத் திறந்து இரண்டு மூலையில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு சக வீரர் புத்ரகேஞ்யோ நடுவில் இரண்டு பேரை இழுத்து வைத்திருப்பார். அந்த சீசனில் ரியல் மாட்ரிட் லீகில் 107 கோல் அடித்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாஞ்செஸுடையது.

இவ்வளவும் இருக்க, உங்கள் காணொளிகளில் திரும்பத் திரும்ப வருவது 1988 ஏப்ரல் 10, லோக்ரோஞ்யெஸுக்கு எதிரான அந்த பைசிக்கிள் கிக். இடப்பக்கமிருந்து மார்த்தின் வாஸ்கெஸின் கிராஸ், அந்தரத்தில் சாஞ்செஸ், மேல்மூலை. அழகுதான், நாங்களும் பார்க்கிறோம். பிறகு கோலைக் கொண்டாடும் அந்தக் குட்டிக்கரணம். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையான சகோதரியிடமிருந்து வந்தது அது. ஆனால் இதைப் பார்த்துவிட்டு மொட்டைத் தரையில் முயலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அடிக்காத காலை முதலில் மேலே வீசி, அடிக்கும் காலால் தரையை உதைத்து எழும்பி, கத்திரிபோல் காலை மாற்ற வேண்டும். கீழே வரும்போது முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். விறைத்த மணிக்கட்டில் எடை விழக்கூடாது, மடங்கிய கைகள் வழியாக மேல்முதுகுக்குப் போக வேண்டும். காணொளியில் தெரிவது கால் மட்டும். அதனால் பிள்ளைகள் மணிக்கட்டை ஊன்றி விழுகிறார்கள். ஆள் நெருக்கத்தில் செய்தால் ஆபத்தான ஆட்டம் என்று நடுவர் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீகிக் கொடுப்பார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

அவரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) அவருக்கு வாய்க்கவில்லை. 1987, 1988, 1989 என்று மூன்று அரையிறுதியில் ரியல் மாட்ரிட் தோற்றது. நெதர்லாந்தின் பிஎஸ்வி, இத்தாலியின் மிலான் இரண்டோடும் மாட்ரிட்டில் 1–1, இரண்டிலும் கோல் அவருடையது, பிறகு மிலானில் 0–5. தன்னைப் பற்றி உயர்த்திப் பேசுகிற வாய் வேறு; அதனாலேயே எதிரணி ரசிகர்கள் அவரைக் குறிவைத்தார்கள். 'இந்தியோ' என்று இனத்தைச் சொல்லி ஸ்பெயின் மைதானங்களில் கத்தியது அந்த வாய்க்கான பதில் அல்ல, அது வேறு அசிங்கம். அத்லெதிகோவிலிருந்து ரியலுக்கு நேராக விற்றால் ரசிகர்கள் கொதிப்பார்கள் என்று பழைய கிளப்பான பூமாஸ் வழியாகச் சுற்றி அனுப்பினார்கள். பல்கலைக்கழக அணியான அந்த பூமாஸில் ஆடிக்கொண்டே பல் மருத்துவம் படித்தவர் அவர் என்பதை மட்டும் நீங்கள் தவறாமல் எழுதுகிறீர்கள். நல்லது, அது சுவாரசியமான தகவல். ஆனால் 1990 தடையை விட்டுவிட்டுப் பல் மருத்துவத்தை வைத்துக்கொள்வது என்ன தேர்வு?

நாங்கள் கேட்பவை இவை. 1995க்கு முந்தைய தங்கப் பந்து எண்ணிக்கையை எந்த அட்டவணையில் போட்டாலும், 'ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்' என்று அதன் கீழேயே ஒரு வரி போடுங்கள். தகுதியில்லாதவர் கட்டத்தில் 0 என்று எழுதாமல் ஒரு கோடு இடுங்கள். மெக்சிகோ வீரர்களின் உலகக் கோப்பைக் கணக்கில் 1990ஐ 'தடை' என்று குறியுங்கள். காரணத்துக்கு ஒன்றரை வரி போதும். கோல் எண் எதுவானாலும் லீக் மட்டுமா, எல்லாப் போட்டியுமா, சீசனுக்கு எத்தனை சுற்று என்பது கூடவே வரட்டும். பைசிக்கிள் கிக் காணொளியைப் போடும்போது 1989–90இன் ஒரே தொடுகை கோல்களில் நாலைந்தையாவது சேர்த்துப் போடுங்கள். பெயரை ஊகோ சாஞ்செஸ் என்று எழுதுங்கள். ஸ்பானிய மொழியில் அந்த ஹகரம் ஒலிப்பதில்லை, நம் எழுத்திலோ ஊகாரமும் ஞகரமும் தயாராக இருக்கின்றன. 262 என்று அச்சிட்டவர்கள் 234 என்ற திருத்தத்தை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அஸ்தேகாவில் முதல் விசில் ஊதுவதற்குள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுப் பக்கத்தை முதலில் திறக்கும் வாசகர்கள் சிலர்